சென்னையில் கார் இல்லாமல்: மின்ரயில், சைக்கிள், பஸ் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் கார் வாங்காமல் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் முடியும், நிம்மதியாகவே முடியும். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ்ஸும் அரை மணிக்கு ஒன்று என்றால் ஆறே மாதத்தில் கார் ஷோரூம் வாசலில் நிற்பீர்கள். மற்ற எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். வீடு இருக்கும் இடத்தை மட்டும் சமாளிக்க முடியாது. அதனால் காரில்லாத வாழ்க்கையின் முதல் வேலை வாடகை வீடு தேடும்போதே தொடங்குகிறது.

வீடு பார்க்கப் போகும்போது தூரத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, டிக்கெட் கவுண்டர் எந்தப் பக்கம், சைக்கிள் நிறுத்துமிடம் எந்தப் பக்கம்? பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் மாதிரி இடங்களில் வீடும் நிறுத்துமிடமும் எதிரெதிர்ப் பக்கம் அமைந்தால் தினமும் சுரங்கப்பாதை சுற்றிப் போக வேண்டும், இல்லையென்றால் நடைமேம்பாலப் படியில் சைக்கிளைத் தூக்க வேண்டும். வரைபடத்தில் 800 மீட்டர் என்று காட்டும் வீடு நடைமுறையில் இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு ஒருமுறை அந்த வழியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

முதுகெலும்பு மின்ரயில்தான். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு, சென்ட்ரல்–அரக்கோணம், சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி, கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் என நாலு தடம். சாதாரண ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை சுமார் 30 கிலோமீட்டர் போக 10 ரூபாய். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி ரயிலும் வந்தது. அதில் குறைந்தபட்சம் 35 ரூபாய். மே மாத மதியத்தில் அந்த 35 ரூபாய் தகும், தினப்படிக்கு வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாள் போய்வருபவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. காசு மிச்சமாவதைவிட, வரிசையில் நிற்கும் வேலை ஒழிகிறது என்பதே பெரிய லாபம்.

ரயில்வே செயலி வழியே மொபைலில் டிக்கெட் எடுப்பதில் பலர் தடுக்கி விழும் இடம்: காகிதமில்லா டிக்கெட்டை நடைமேடையில் நின்றுகொண்டு எடுக்க முடியாது. நிலையத்துக்கு வெளியே, சாலையிலேயே எடுத்துவிட்டு உள்ளே வர வேண்டும். மறந்து உள்ளே வந்துவிட்டால் நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்து அதில்தான் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பரிசோதகர் வரும் நேரத்தில் மொபைல் சார்ஜ் தீர்ந்திருந்தால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் போய்விடும். ஒரு சிறிய பவர் பேங்க் பையில் இருக்கட்டும்.

மின்ரயிலின் பலவீனம் ஞாயிற்றுக்கிழமை. ரயில் எண்ணிக்கை குறையும். பராமரிப்புப் பணி என்று சில மணி நேரம் தடமே நிற்கும். அறிவிப்பு பெரும்பாலும் முந்தைய ஓரிரு நாளில் செய்தித்தாளில் வந்துவிடும். ஞாயிறு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருமயிலை, மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று அது தொடும் இடங்களெல்லாம் கார்க்காரர் பார்க்கிங் கிடைக்காமல் தவிக்கும் இடங்கள். ஆனால் நிலையக் கட்டடங்கள் தேவைக்கு மேல் பெரியவை. வாசலிலிருந்து நடைமேடைக்கே ஐந்து நிமிட நடை, நகரும் படி ஓடும் என்று நம்பிப் போக முடியாது. இரவு ஒன்பதுக்கு மேல் பல நிலையங்களில் ஆளே இருப்பதில்லை. தனியாகப் போகும் பெண்களும் வயதானவர்களும் அந்த நேரத்தில் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

மெட்ரோ 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பயண அட்டையிலோ மொபைல் கியூஆரிலோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. மின்ரயிலோடு அது சேரும் இடங்களை மனதில் பதித்துக்கொண்டால் ஊர் பாதி சுருங்கிவிடும்: கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல். மாம்பலத்தில் இறங்கினால் 2023இல் திறந்த 570 மீட்டர் நடைமேம்பாலம் தி.நகர் பஸ் நிலையத்துக்கே கொண்டுபோய் விடும். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழையாமலே பஸ் பிடிக்க முடிகிறது என்பதற்காகவே அந்தப் பாலத்தைக் கட்டியவர்களைப் பாராட்டலாம். பலத்த மழையிலும் மெட்ரோவின் மதிப்பு தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்டவாளத்தில் தண்ணீர் நின்று மின்ரயில் நின்றபோது, மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. பரங்கிமலை நிலைய வாசலில்தான் வெள்ளம் நின்று ஏற முடியாமல் போனது.

பஸ்ஸில் 1000 ரூபாய் மாதப் பாஸ் ஏசி அல்லாத எல்லா மாநகரப் பேருந்துக்கும் செல்லும். ஏசி பஸ்ஸும் சேர வேண்டுமென்றால் 2000. கணக்கு எளிது: மாதம் 50 தடவை, தடவைக்கு 20 ரூபாய்க்கு மேல் ஆகிறதென்றால் பாஸ் எடுங்கள். குறைவென்றால் வேண்டாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால், வீட்டில் எல்லோருக்கும் பாஸ் எடுக்குமுன் யார் எந்த பஸ்ஸில் போகிறார்கள் என்று பாருங்கள். பெசன்ட் நகர்–பெரம்பூர் 29சி மாதிரி அடிக்கடி வரும் தடங்களில் நேரம் பார்க்கவே வேண்டாம். மற்றத் தடங்களில் 'சென்னை பஸ்' செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் எடுக்கலாம்.

இனி சைக்கிள். காரில்லாத வாழ்க்கையை நடத்தித் தருவது இதுதான். ரயில் முப்பது கிலோமீட்டரைப் பத்து ரூபாயில் முடித்துவிடுகிறது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள மூன்று கிலோமீட்டர்தான் நேரத்தையும் காசையும் தின்கிறது. சைக்கிளில் அது பதினைந்து நிமிடம்.

சென்னை தட்டையான ஊர். மேம்பாலம் தவிர ஏற்றமே இல்லை. அதனால் கியர் வேண்டாம். முன் சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம், எடை கூடும், கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். வேண்டியவை: இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு, செயின் கவர், கேரியர், உறுதியான ஸ்டாண்டு, ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் அங்குல அகல டயர். சீட் உயரம் சரியில்லாமல் முட்டி வலியோடு ஓட்டுபவர்கள் ஏராளம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் அளவு.

காற்று வாரம் ஒருமுறை. இந்த அகல டயருக்கு 50 முதல் 60 பிஎஸ்ஐ. மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு உள்ள டியூப் என்றால் பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம். பழைய மாதிரி வால்வு என்றால் உள்ளே ஒரு சிறு ரப்பர் குழாய் இருக்கும். வெயிலில் அது ஒரே வருடத்தில் இற்றுப்போய்க் காற்று மெதுவாக இறங்கும். பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றுவதற்கு முன் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ரப்பரை மாற்றினால் போதும், சில ரூபாய் வேலை.

பஞ்சர் ஒட்டுவதை வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்வது நல்லது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டயர் பக்கம் என்றால் முள், ஆணி, கம்பி. ரிம் பக்கம் என்றால் சக்கரக் கம்பியின் தலை குத்தியிருக்கிறது, அதை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக வேகத்தடையில் ஏறியிருக்கிறீர்கள். ஓட்டையைச் சுற்றி ஒட்டுத்துண்டை விடச் சற்றே பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரப் பளபளப்பு போகும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டியதால்தான் பல ஒட்டுகள் இரண்டே நாளில் கழன்றுவிடுகின்றன. டியூபை மாட்டுமுன் டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடையுங்கள். குத்திய கம்பி அங்கேயே இருந்தால் துணி மாட்டும். கடையில் ஒட்டிய மறுநாளே மறுபடி பஞ்சராவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வேலையை விட்டதே காரணம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் செயின்தான் முதல் எதிரி. வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் உட்பக்கமாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கம் சுற்றி, மேலே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் ஒரே மழையில் கழுவிப் போய்விடும். மெக்கானிக் கடைப் பழைய ஆயில் மண்ணை இழுத்துச் செயினை அறுக்கும். தேய்மானத்தை ஸ்கேல் வைத்தே பார்க்கலாம்: ஒரு பின்னிலிருந்து தொடங்கி 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக நிற்க வேண்டும். அது எட்டில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். விட்டுவைத்தால் ஃபிரீவீலும் பற்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து மூன்று செலவாகும். பெடல் மாற்றுபவர்கள் இதையும் கவனியுங்கள்: இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் கழலும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்துக்குத் தனி விதி. தண்ணீருக்கு அடியில் சாலை தெரியவில்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள், நடுச்சாலையை ஒட்டி. மழைநீர் வடிகால் மூடிகள் ஓரத்தில்தான் இருக்கும், திறந்து கிடந்தால் தெரியாது. சக்கர நடு அச்சு வரை தண்ணீரில் மூழ்கியிருந்தால் அந்த வாரமே கடையில் கொடுத்து உள்ளிருக்கும் பால்ரஸை, அதாவது சிறு இரும்புக் குண்டுகளைக் கழுவிப் புது கிரீஸ் போடச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் அடுத்த மாதம் சக்கரம் கரகரவென்று சத்தம் போடும், அந்தக் குண்டுகள் உருளும் கோன் குழிவிழுந்துவிடும். ரயிலில் போகிறவருக்கு ஈர ரெயின்கோட் பெரிய தொல்லை. அதை மடித்துப் போட ஒரு ஜிப் உள்ள பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் நிம்மதி.

வெயிலில் சைக்கிள் ஓட்டும்போது வேர்ப்பதை விட, இறங்கிய பிறகு வரும் வேர்வையே அதிகம். மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் அழுத்த வேண்டாம். ரயிலுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து விசிறிக்கு அடியில் நின்றுவிடுங்கள். முதுகுப்பை வேண்டாம், பையைக் கேரியரில் கட்டுங்கள், சட்டை பாதி காப்பாற்றப்படும். கட்டுவதற்குப் பழைய டியூபை வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு நீளவாக்கில் இரண்டாக்கினால் போதும், கடையில் விற்கும் கொக்கிக் கயிற்றை விட இறுக்கமாகப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ மளிகை தாராளமாக வரும். 25 கிலோ அரிசி மூட்டையைக் கடைக்காரரே கொண்டுவந்து போட்டுவிடுவார்.

நிலையத்தில் நிறுத்தும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாதீர்கள். சைக்கிளின் சட்டத்தையும் (ஃபிரேம்) பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஒரு கம்பியோடு யு வடிவப் பூட்டால் பூட்டுங்கள். சைக்கிளோடு கூடவே வரும் வளையப் பூட்டு தனியாகப் போதாது.

ஆட்டோவில் போனால் தோல்வி என்று நினைப்பவர்கள்தான் சீக்கிரம் கார் வாங்குகிறார்கள். 8 லட்சம் ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால் மாதத் தவணையே சுமார் 12,900 ரூபாய். பெட்ரோலும் இன்சூரன்ஸும் அதற்கு மேல். அந்தத் தவணைக் காசில் மட்டும் 250 ரூபாய் ஆட்டோ சவாரி மாதம் ஐம்பது போகலாம். எந்தக் குடும்பமும் அத்தனை போவதில்லை. ஆகவே மழை, நோய், மாமியார் வருகை, நகை போட்டுக்கொண்டு கல்யாணம் – யோசிக்காமல் வண்டி கூப்பிடுங்கள். 2013இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய்தான் வரும், ஆனால் அந்த விலைக்கு யாரும் வருவதில்லை. ஆட்டோ அழைக்கும் செயலியில் காட்டும் தொகையைப் பார்த்துவிட்டுத் தெருமுனை ஸ்டாண்டில் பேசுவதே நடைமுறை.

எல்லோரும் கேட்பது: ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்வீர்கள்? அவசரம் என்றால் 108. கார் இருக்கும் வீட்டிலும் நெஞ்சு வலிக்காரரைப் பின்சீட்டில் போட்டு ஓட்டுவதை விட அதுதான் சரி. அவசரம் இல்லாத இரவுப் பயணத்துக்குத் தெருவிலேயே குடியிருக்கும் இரண்டு ஆட்டோ அண்ணன்களின் எண்ணை வீட்டில் எல்லோர் மொபைலிலும் பதிந்துவையுங்கள். பண்டிகைக்கு அவர்களை மறக்காதீர்கள்.

வெளியூர்ப் பயணம்தான் இன்னும் சிரமம். 2023 டிசம்பர் 30 அன்று, நகரின் தென்கோடியில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கே போய்விட்டன. வடசென்னையில் இருப்பவருக்கு ஊருக்குப் போகும் முன்னே ஒரு பயணம். முடிந்தவரை ரயிலுக்கு மாறுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தென்னக ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும், அங்கேயே ஏறி இறங்கினால் மின்ரயில் பக்கத்து நடைமேடையில். பஸ்ஸில்தான் வர வேண்டும், வண்டி விடியற்காலை மூன்று மணிக்குக் கிளாம்பாக்கம் சேர்கிறது என்றால், டாக்சிக்குக் கேட்டதைக் கொடுக்க வேண்டாம். நிலையத்துக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்தால் நாலரைக்குள் மின்ரயில் ஓடத் தொடங்கியிருக்கும்.