காரில் உப்புக்கறை எடுக்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மேடவாக்கம் பக்கம் இருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், அப்படி ஒரு உப்பு. காலையில் கார் துடைக்கிற அண்ணன் அந்தத் தண்ணீரைத்தான் ஒரு வாளியில் எடுத்து வருவார். என் கார் கருப்பு, நிறுத்துவது திறந்தவெளியில், ஏழு மணிக்கே வெயில் விழுந்துவிடும். துடைத்து முடிப்பதற்குள் சொட்டுகள் காய்ந்து, இருந்த இடத்திலேயே வட்டம் வட்டமாக நின்றுவிடும். ஒரு வருடத்தில் பானட்டும் முன்கண்ணாடியும் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிட்டன.

ஷாம்பூ போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. சரி என்று ஒரு டீடெயிலிங் கடைக்கு, அதாவது காரைக் கறை எடுத்து பாலிஷ் போட்டுத் தருகிற கடைக்கு, கொண்டு போனேன். "சார், இது வாட்டர் வாஷ்ல போகாது. கெமிக்கல் போட்டு எடுத்துட்டு பாலிஷ் போட்டுடலாம். அப்படியே செராமிக் பண்ணிட்டீங்கன்னா மூணு வருஷத்துக்குக் கறையே பிடிக்காது" என்றார் கடைக்காரர். செராமிக் என்றால் பெயிண்ட் மேல் பூசுகிற ஒரு பாதுகாப்புக் கோட்டிங். மொத்தம் 22,000 ரூபாய். பேசிய விதத்தில் நம்பிக்கை வந்தது, ஒத்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். வண்டி வெயிலில் நின்றது, பானட்டில் கை வைக்க முடியாத சூடு. லேபிளே இல்லாத ஒரு வெள்ளைக் கேனிலிருந்து எதையோ ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வண்டி முழுக்க, கண்ணாடி, பிளாஸ்டிக் என்று எதையும் மூடாமல் அடித்தான் ஒரு பையன். மூக்கு எரிந்தது. கையில் உறைகூட இல்லை. "தம்பி, இது என்ன?" என்றேன். "ஸ்பாட் ரிமூவர்தான் சார், எல்லாரும் இதான் யூஸ் பண்றாங்க" என்றான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வண்டி பளபளவென்று இருந்தது. அடுத்த நாள் இரவு ரேடியல் சாலையில் எதிர் வண்டி விளக்கு பட்டதும் முன்கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளிறிப் போய்விட்டது, ஒரு நிமிடம் எனக்குப் பாதையே தெரியவில்லை, பக்கத்தில் மனைவியும் பின்னால் குழந்தையும். அப்புறம் வைப்பர் கீழே உள்ள கருப்பு பிளாஸ்டிக் வெளுத்தது. இரண்டு வாஷ் முடிந்ததும் உடம்பெல்லாம் பாலிஷ் மெஷின் போட்ட சுழிக் கோடுகள் வெளியே வந்தன, அதுவரை மேலே தடவியிருந்த ஏதோ ஒரு மெழுகு அதை மறைத்திருக்கிறது. பானட் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளப்பே இல்லை.

தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் காட்டினேன். பெயிண்ட் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர் வைத்துப் பார்த்தார். கூரையில் 110 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) சொச்சம், பானட்டில் 70, அந்த விளிம்பில் இன்னும் கம்மி. கம்பெனி பெயிண்டில் மேலே இருக்கிற கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான் இருக்கும், அதைத் தேய்த்து எடுத்தால் திரும்ப வளராது தம்பி, மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி என்றார்.

கண்ணாடியைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கண்ணாடியை அரிக்காது, அது ஹைட்ரோகுளோரிக், ஆய்வகத்தில் அதைக் கண்ணாடிப் புட்டியில்தான் வைத்திருப்பார்கள். கண்ணாடி இப்படி மங்குகிறது என்றால் ஃப்ளோரைடு வகை ஆசிட்டாக இருக்கலாம் என்றார். அந்த வகை தோல் வழியாக உள்ளே இறங்கும், உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், லேசாகக் கலந்ததென்றால் பட்ட உடனே வலிகூடத் தெரியாமல் போகும். அந்தப் பையன் வெறுங்கையோடு அடித்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் தேவையே இல்லாத வேலை. டிக்கியின் கீழ் விளிம்பில் அவர்கள் விட்டுப் போன கறை கொஞ்சம் இருந்தது. போர் தண்ணீர் விட்டுப் போகிற உப்பு பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் கார்பனேட், லேசான புளிப்புக்கே கரையும். கடையில் விற்கிற வெள்ளை வினிகரில் அதே அளவு கேன் தண்ணீர் கலந்து, நிழலில், உலோகம் ஆறிய பிறகு, துணியை நனைத்து இரண்டு நிமிடம் ஒட்ட வைத்தேன். துடைத்தால் முக்கால்வாசி போய்விட்டது. உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும், காய விடக்கூடாது. அதற்கும் போகாததற்கு கிளே பார் (ஒட்டிய அழுக்கை உருட்டி எடுக்கிற களிமண் போன்ற கட்டி), அதற்கும் போகாமல் பெயிண்டுக்குள்ளேயே குழி விழுந்திருந்தால் மட்டும்தான் பாலிஷ். மெல்லியதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போக வேண்டிய வேலையை அவர்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

செராமிக் போட்டால் கறை பிடிக்காது என்பதும் பொய். அதில் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும், வழிந்து ஓடாத முத்து வெயிலில் காய்ந்தால் உப்பு அங்கேயேதான் நிற்கும். எனக்குப் பத்தே நாளில் புது வட்டங்கள். குடிநீருக்கு அரசு தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தபோது 800-ஐத் தாண்டியிருந்தது. இதில் எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது.

கடையில் போய்க் கேட்டால் "உங்க தண்ணி சரியில்ல சார், நாங்க என்ன பண்ண" என்கிறார்கள். பில்லில் "டீடெயிலிங் 1" என்று மட்டும் கையால் எழுதியிருக்கிறது, என்ன திரவம், என்ன கோட்டிங், எதுவும் இல்லை. கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் மீட்டர் அளவைப் போட்டோ எடுங்கள், லேபிள் இல்லாத கேனைக் கண்டால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

முன்கண்ணாடியை மாற்றியாயிற்று. பானட் பெயிண்ட் வேலை அடுத்த வாரம். கார் துடைக்கிற அண்ணனிடம் வாளி வேண்டாம், உலர்ந்த தூசி தட்டினால் போதும் என்று சொல்லிவிட்டேன், வாரம் ஒருமுறை நானே நிழலில் கழுவி, கடைசியில் ஒரு கேன் தண்ணீர் விட்டு, உடனே துடைத்துவிடுகிறேன்.