பழைய வீட்டைக் கிளினிக் ஆக்கப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்து வீடொன்றைப் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்தோம். தங்கச்சி பல் வைத்தியர். முன் அறைகளில் சிகிச்சை, பின்னால் எக்ஸ்ரே என்பது திட்டம். "பழைய கட்டடத்தை ஆஸ்பத்திரித் தரத்துக்கு மாற்றுவதுதான் எங்கட வேலையே" என்று வந்த ஒரு கம்பெனியிடம் மாசியில் ஒப்படைத்தோம். மதிப்பீடு 62 இலட்சம். 40 இலட்சத்தை முதல் மாதத்திலேயே வாங்கிவிட்டார்கள்.

அந்த வீட்டுச் சுவர் கபூக் கல், அதாவது செம்புரைக்கல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்பே பூசியிருந்தது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை அந்தப் பூச்சு மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். வீடு இத்தனை காலம் காய்ந்து நின்றது அதனால்தான். இவர்கள் முதல் வாரமே முழுவதையும் கொத்தி எறிந்துவிட்டுச் சீமெந்து பூசினார்கள். அதன் மேல் இபொக்சி பெயின்ட், பழைய சிவப்புத் தரைக்கு மேல் வைனல் விரிப்பு. "கழுவலாம் டொக்டர், கிருமி தங்காது" என்றார் மேற்பார்வையாளர். பளிச்சென்று இருந்தது, நம்பினோம்.

வைகாசி மழை பிடித்து மூன்று கிழமை ஆகவில்லை, சுவரில் ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயின்ட் கொப்புளித்தது. உப்புப் பூத்த சுவர் கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. வைனல் வீங்கி, பொருத்துகளில் தண்ணீர் கசிந்தது. ஏசி அறையில் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். வாயில் வெட்டித் தைக்கிற இடம் அது! தங்கச்சி அங்கேயே நின்று அழுதாள்.

எக்ஸ்ரே அறைதான் எல்லாவற்றிலும் கொடுமை. கதிர் வெளியே போகாமல் தடுக்கும் ஈயத்தகடு என்று பில்லில் தனியாக 6 இலட்சம் போட்டிருந்தார்கள். சுவிட்ச் பெட்டி மாற்ற வந்த எலக்ட்ரீசியன் உள்ளே பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். விறாந்தைப் பக்கம் அடித்திருந்த தடுப்பில் இரண்டு ஜிப்சம் பலகை, நடுவில் கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். அந்த விறாந்தையில்தான் பிள்ளைகளோடு ஆட்கள் காத்திருக்கப் போகிறார்கள். நல்ல காலம், கருவி இன்னும் வந்திருக்கவில்லை.

கேட்டால், "அண்ணை, பழைய வீடென்றால் ஈரம் இருக்கும்தானே" என்றார்கள். ஈயத்தைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து தொலைபேசியே எடுப்பதில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்து, சட்டத்தரணி மூலமும் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

உள்வேலைக்கு எந்த அனுமதியும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதையும் நம்பாதீர்கள். மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் நீங்களே போய்க் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையத்தைப் பதிய வேண்டும், எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையின் உரிமமும் வேண்டும். இதெல்லாம் கம்பெனியின் பெயரில் இல்லை, உங்கள் பெயரில். பலகை மூட முதல் தகட்டைக் கண்ணால் பார்த்துப் படம் எடுங்கள். அது முடியும்வரை அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன் பாஸ் ஒருவர் சீமெந்தைக் கொத்தி எடுக்கிறார். சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம் என்கிறார். அதுவரை சுவரைத் திறந்தபடியே விட்டிருக்கிறோம். இதே வேலையைத் தொடங்க இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.