கறுப்புக் கிட்டாரில் ஒரு வேல்: 10 வாட் லேசரோடு இரண்டு வருடம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னக் கடை. செதுக்கு வேலைக்கு டயோட் லேசர் மெஷின் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கோவில் கேடயம், கல்யாணப் பரிசு, சாவிக்கொத்து என்று ரப்பர் மரத்தில் எதைக் கொடுத்தாலும் சுத்தமாகச் செதுக்கும், குறையே இல்லை. பெயிண்ட் அடித்த சாமான்தான் என்னைச் சோதித்தது.

போன வருடம் தைப்பூசத்துக்கு முன்னால் தோட்டத்துப் பையன் ஒருவன் எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்தான். "அண்ணே, இதுல ஒரு வேல் போட்டுக் குடுங்க. அப்பா வாங்கிக் குடுத்தது, பாத்துச் செய்யுங்க."

முதலில் என்ன பூச்சு என்று பார்த்தேன். நைட்ரோசெல்லுலோஸ் என்றால் தொடவே மாட்டேன், சட்டென்று தீப்பிடிக்கும். இது பாலியஸ்டர். கம்பிகளையும் பிக்கார்டையும் (கிட்டார் முகத்தில் கீறல் படாமல் இருக்கப் பொருத்தும் தகடு) கழற்றி, அதன் அடியில் வெளியே தெரியாத இடத்தில் சோதித்தேன். நல்லவேளை! மரத்துக்கு வைக்கும் பவரில் விட்டதும் மேல்பூச்சு அப்பளம் மாதிரி பொரிந்துவிட்டது. 450 நானோமீட்டர் நீல ஒளி கண்ணாடி மாதிரியான மேல்பூச்சைத் தாண்டிப் போய்க் கீழே உள்ள கறுப்பைச் சுடுகிறது. அந்தச் சூடு போக வழியில்லாமல் மேல்பூச்சைத் தூக்கிவிடுகிறது.

அப்புறம் பவரைப் பாதிக்கும் கீழே குறைத்து, வேகத்தைக் கூட்டி, மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு முறை ஓட்டினேன். செதுக்க நாற்பது நிமிடம், ஆயத்தத்துக்கு மூன்று மணி நேரம். மரத்தின் பழுப்பு நிறம் வரும் என்று நினைத்தால், அடிப்பூச்சின் சாம்பல் வெள்ளைதான் வந்தது. பையன் கண்ணை விரித்தான்: "திருநீறு பூசின மாதிரி இருக்குண்ணே!" சரி, தப்பித்தேன்.

மெஷினில் ஒரு குறை உண்டு. கிட்டாரில் கை வைக்கும் சரிவில் ஃபோகஸ் தவறிவிடும். வேலின் நுனி அங்கே கொஞ்சம் தடித்துவிட்டது, எனக்கு மட்டும் உறுத்தும். பெயிண்ட் புகை லென்ஸில் படியும், ஒவ்வொரு வேலைக்கும் துடைக்க வேண்டும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இல்லாமல் உட்காராதீர்கள்.

பதினாலு மாதம் கழித்துக் கம்பி மாற்ற வந்தான். ஓரம் எங்கும் பெயரவில்லை. ஆனால் கை படும் இடத்தில் வியர்வை இறங்கி, வேல் லேசாக மஞ்சளித்திருந்தது. இப்போதெல்லாம் செதுக்கி முடித்ததும் கிளியர் ஸ்ப்ரே அடித்துவிடுகிறேன். அன்று 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினேன், இப்போது 150.

போன வாரம் அவன் கூட்டாளி நீல பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தான். நீலப் பெயிண்ட் என் லேசர் ஒளியைத் திருப்பி அடிக்கும். "கறுப்பு ஒன்னு வாங்கு தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.