காவேரிப்பாக்கம் ஏரியில் காற்றடிக்கும் கயாக்

ஆன்லைனில் வாங்கிய, காற்றடித்து மிதக்கவிட்டுத் துடுப்பு போடும், இரண்டு பேர் உட்காரும் சின்னப் படகுதான் இந்தக் கயாக். ஏரியின் மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வாலாஜா தாண்டி காவேரிப்பாக்கம் ஏரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்தேன். மிதப்பதில் குறையில்லை. நேராகப் போக அடியில் செருகும் தகடான ஃபின்னை மட்டும் மறந்தால், துடுப்பு போடப் போட பரிசல் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெரிய எதிரி சீமைக் கருவேலம்தான். ஏரி வற்றியபோது முளைத்ததெல்லாம் மழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் முள்ளோடு நிற்கிறது, இரண்டாவது வாரமே ஒரு பக்கம் புஸ்ஸென்று போய்விட்டது. காற்று அறைகள் தனித்தனி என்பதால் மூழ்காமல் கரை சேர்ந்தோம், கூட வந்த மச்சான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை! கூடவே தந்த ஒட்டு வெயிலில் உரிந்துவிட்டது. பிவிசி பசை தனியாக வாங்குங்கள், சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் இதில் பிடிக்காது. அப்புறம், நம்ம வேலூர் வெயிலில் காற்றை முழுசாக அடித்துக் கரையில் போடாதீர்கள், உள்ளே காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும்.

லைஃப் ஜாக்கெட் தரவில்லை, அது இல்லாமல் நான் இறங்க மாட்டேன். உட்கார்ந்தே வீச ஆறடித் தூண்டில் போதும். கிடைத்தது இரண்டு ஜிலேபி, ஒரு விரால். விரால் மச்சான் வீட்டுக்குப் போனது.