மூன்று மாரி கண்ட சோக் பெயின்ட்

கல்லடியில் எங்கள் வீட்டு நடு அறையில் அம்மம்மாவின் மகோகனி அலுமாரி நிற்கிறது. வார்னிஷ் உரிந்து கால்கள் கறுத்துப் போயிருந்தது. 2022 ஆவணியில், கடைகளில் பொருள் விலை ஏறிக் கிடந்த நேரம், அதற்கு வீட்டிலேயே சோக் பெயின்ட், அதாவது வெள்ளைத் தூள் சேர்த்த, பளபளப்பில்லாத பெயின்ட், கலந்து அடித்தேன். அப்புறம் இரண்டு கதிரைகளுக்கும் அடித்தேன். மூன்று மாரி போன பிறகுதான் எது நின்றது என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

கலவை லேசு. ஒரு கோப்பை மேட் எமல்ஷனுக்கு (தண்ணீரில் கலக்கும், பளபளப்பில்லாத சுவர்ப் பெயின்ட்) மூன்றிலொரு கோப்பை தூள், அதே அளவு தண்ணீர். தூளை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுப் பெயின்டில் ஊற்ற வேண்டும். எண்ணெய்ப் பெயின்டான எனாமல் இதற்குச் சரிவராது, அது தண்ணீரோடு சேராது.

தூளுக்கு முதல் தடவை பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் போட்டேன். தண்ணீர் பட்டால் அது இறுகத் தொடங்கிவிடும். ஒரு கதவை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மிச்சம் சட்டித் தயிர் மாதிரி உறைந்து கிடந்தது. அதன் பிறகு கல்சியம் காபனேற்றுத் தூள்தான். அது இறுகாது, மூடி வைத்தால் அடுத்த நாளும் அடிக்கலாம். எந்தத் தூளானாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கலவுங்கள்.

நான் அடித்த தந்த நிற வெள்ளைப் பெயின்ட் காய்ந்த மறுநாளே தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் திட்டுத் திட்டாக மண்ணிறம் எழும்பியது. மகோகனியின் சாயம் அது. மேலே இன்னும் இரண்டு பூச்சு அடித்தும் மறையவில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பொலிஷை ஒரு பூச்சுப் பூசி, அதன் மேல் திரும்ப அடித்த பிறகுதான் நின்றது. பலா, தேக்கு வைத்திருப்பவர்களும் இதை முதலிலேயே பூசிவிடுங்கள்.

என்னை மிகவும் அலைக்கழித்தது, பெயின்டின் மேல் கடைசிப் பூச்சாகப் பூசிய மெழுகு. தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கிப் பூசச் சொல்லியிருந்தார்கள், நானும் பூசினேன். தேங்காயெண்ணெய் உறைவதற்குக் கிட்டத்தட்ட 24 பாகைக்குக் கீழே குளிர வேண்டும். நம்மூர் வெயிலில் அது எங்கே உறையும்? அலுமாரியின் மேற்பலகையில் கை வைத்தால் விரலடையாளம் விழுந்தது, கச்சான் காற்றுக்கு வந்த தூசி முழுக்க அதில் ஒட்டியது. மார்கழி மழையில் சுவர்ப் பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். டர்பன்டைன் தொட்ட துணியால் நாலைந்து தடவை துடைத்து, சாண்ட் பேப்பர் போட்டு, தண்ணீரில் கரையும் வார்னிஷை மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தேன். மெழுகு கொஞ்சம் மிஞ்சினாலும் வார்னிஷ் அங்கே பிடிக்காது. கதிரைகளுக்கு மெழுகே பூசாமல் வார்னிஷ்தான் அடித்தேன். தினமும் இருந்தும் இருக்கையின் விளிம்பு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது.

லாச்சியின் பக்கப் பலகைகளுக்கு அடிக்கவே வேண்டாம். மாரியில் பலகை ஊதும், அதோடு பெயின்ட் தடிப்பும் சேர்ந்தால் இறுகிவிடும். "மகள், லாச்சி வருகுதில்லை" என்று அம்மா கூப்பிட்ட அன்று பக்கங்களைச் சுரண்டி மெழுகுதிரி தேய்த்துவிட்டேன். இன்று வரை ஒரு விரலால் இழுத்தாலே வருகிறது.

கைப்பிடியைச் சுற்றி மட்டும் பெயின்ட் தேய்ந்து மகோகனியின் சிவப்பு தெரிகிறது. அந்த இடத்தை நான் திரும்ப அடிக்கவில்லை. அம்மம்மாவும் அங்கேதான் கை வைத்துத் திறப்பார்.