பெரிய பாதையா, புல்மேடா?

சபரிமலைக்கு மாலை போட்டதும் குழுவில் முதல் விவாதமே எந்த வழியில் போவது என்பதுதான். எங்கள் குழுவிலும் நடந்தது, கடைசியில் எருமேலியிலிருந்து காட்டு வழியாகப் பம்பைக்குப் போகும் பெரிய பாதையைத்தான் பிடித்தோம். இப்போது கேட்டாலும் என் ஓட்டு அதற்கே.

இன்னொரு வழியான புல்மேட்டைக் குறை சொல்ல முடியாது. தேனி, கம்பம் பக்கத்து ஆட்கள் குமுளி தாண்டினால் வண்டிப்பெரியார், அங்கிருந்து ஜீப்பில் சத்திரம் என்கிற இடம். பிறகு சுமார் 12 கிலோமீட்டர் நடந்தால் மலையடிவாரத்துப் பம்பைக்கே போகாமல் நேராகச் சன்னிதானம். திறந்த புல்வெளி, குளிர்ந்த காற்று, கூட்டமும் குறைவு. லீவு கிடைக்காதவர்களுக்கு இதுதான் சரி.

ஆனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நடுவழியில் கால் மறுத்தால் உட்கார இடம் உண்டா? புல்மேடு புலிகள் காப்பகத்துக்குள் போகிற வழி, இருட்டுமுன் கடந்தே ஆக வேண்டும், ராத்தங்கல் கிடையாது. குழுவில் அறுபது தாண்டிய குருசாமியும் கன்னிச்சாமியாக, அதாவது முதல்முறை மலைக்கு வரும் ஒரு சின்னப் பையனும் இருந்தால், மெதுவாக நடப்பவரை எல்லோரும் சேர்ந்து விரட்டுவதுபோல் ஆகிவிடும். பெரிய பாதையில் அந்தத் தொல்லை இல்லை. அழுதை ஆற்றில் குளித்துக் கல் எடுத்து, வழக்கப்படி அதைக் கல்லிடும்குன்றில் போட்டுவிட்டு, முடிந்தால் கரிமலை வரை போகலாம், முடியாவிட்டால் அதற்கு முன்னால் வரும் முக்குழியிலேயே விரியில் (சாமிமார் தங்கும் கொட்டகையில்) படுத்துக்கொள்ளலாம். கட்டன்காப்பியும் சுடுகஞ்சியும் கிடைக்கும், காலை நீட்டினால் போதும்.

கரிமலை ஏற்றத்தைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். மூச்சு வாங்கும், அவ்வளவுதான், நின்று நின்று ஏறிவிடலாம். முட்டியைப் பதம் பார்ப்பது அந்தப் பக்கத்து இறக்கம்தான், பம்பைக்கு முன்னால் உள்ள பெரியானவட்டம் வரும்வரை. ஒரு கை தலையில் இருமுடியைப் பிடித்திருக்கும், வெறுங்கால், ஆயிரக்கணக்கானோர் மிதித்து வழவழப்பான வேர்கள். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்குங்கள், மறு கையில் கம்பு கட்டாயம். பம்பை வந்த பிறகும் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றங்கள் பாக்கி என்பது பெரிய பாதையின் மைனஸ், ஒப்புக்கொள்கிறேன்.

புல்மேட்டிலும் உப்புப்பாறை தாண்டி நல்ல செங்குத்து இறக்கம் இருக்கிறது. நான் போனபோது தரை காய்ந்திருந்தது, அதனால் மழையில் அது எப்படி என்று போய்வந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் காட்டுக்குள் விடமாட்டார்கள், யானை நடமாட்டம். பெரிய பாதை என்றால் முந்தின ராத்திரியே அழுதைக்குச் சற்று முன்னால் இருக்கும் காளகெட்டிக்கோ அழுதைக்கோ வந்து படுத்துவிடுங்கள் சாமி.