மண்டை ஓட்டை விட்டு விலகலாமா? வாவ் கிளாசிக்கில் டிபிஎஸ் ஆடிப் பார்த்த அனுபவம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) என்ற ஆன்லைன் விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக், 2019 ஆகஸ்டில் வந்தது. அதில் ஒரு குழுவில் எதிரிகளின் அடியைத் தன்மேல் வாங்குபவர் டேங்க், உயிரை ஏற்றுபவர் ஹீலர், சேதம் செய்பவர்கள் டிபிஎஸ். டிபிஎஸ் ஆட வருபவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவது: மண்டை ஓட்டு மார்க் உள்ள எதிரியை அடி, நிலா மார்க் உள்ளதைத் தொடாதே. பெரும்பாலான புல்களுக்கு (ஒரு எதிரிக் கூட்டத்தைச் சண்டைக்கு இழுப்பது) இதுவே போதும். திட்டம் பாதியில் குலையும் புல்களில்தான் சேத மீட்டரில் முதலிடம் பிடிப்பவருக்கும் குழுவைக் காப்பாற்றுபவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

முதலில் த்ரெட் கணக்கு, அதாவது எதிரி யாரை அடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் புள்ளி. ஒரு புள்ளி சேதத்துக்கு ஒரு புள்ளி த்ரெட். ஒரு புள்ளி ஹீலுக்கு அரைப் புள்ளி. அதுவும் சண்டையில் இருக்கும் எல்லா மாப்களுக்கும் (எதிரிகளுக்கும்) பிரிந்து போகும். அக்ரோ (மாபின் கவனம்) உங்கள் பக்கம் திரும்ப, மெலீ தூரத்தில் (கை எட்டும் தூரத்தில்) நின்றால் டேங்கின் த்ரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், தள்ளி நின்றால் 130. பலர் கவனிக்காத விஷயம், இந்த வரம்பு கிளாஸை (மேஜ், ரோக் போன்ற பாத்திர வகையை) பார்த்து வருவதில்லை, நிற்கும் இடத்தைப் பார்த்து வருகிறது. தள்ளி நின்று 120 சதவீதத்தில் நிம்மதியாக ஃப்ராஸ்ட்போல்ட் அடித்துக்கொண்டிருந்த மேஜ் (மந்திரவாதி), சுற்றியிருப்பவற்றைக் கட்டிப்போடும் ஃப்ராஸ்ட் நோவா போட உள்ளே ஓடினால் அந்த நொடியே மாப் அவர் மேல் திரும்பிவிடும். மீட்டர் ஆட்‌ஆன்களிலும் (த்ரெட்டைக் காட்டும் துணை நிரல்கள்) ஒரு குழப்பம் உண்டு. சிலவற்றில் 100 வந்தாலே அக்ரோ உங்கள் பக்கம் திரும்பிவிடும், சிலவற்றில் 110, 130 என்று அப்படியே காட்டும். எதை வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் ஆடினால் மீட்டர் இருந்தும் பயனில்லை.

திட்டத்தை மீற மிகத் தெளிவான காரணம், ஹீலர் மேல் ஏறிய மாப். டேங்க் ஒரு அடிகூட அடிக்காத மாபிடம் அவருக்கு இருக்கும் த்ரெட் ஏறக்குறைய சுழியம். முதல் ஹீல் விழுந்ததும் அது நேராக ஹீலரிடம் போகும். டேங்கின் டான்ட்டுக்கு (மாபைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) 10 வினாடி கூல்டவுன் (மறுபடி பயன்படுத்தும்வரை காத்திருப்பு), தூரமோ கை எட்டும் தூரம்தான். அவர் திரும்பி ஓடுவது தெரிந்தால் விட்டுவிடலாம். திரும்பவில்லை என்றால் மண்டை ஓடு பாதி உயிரில் இருந்தாலும் அதை விட்டுப் போக வேண்டும்.

போய் என்ன செய்வது என்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். ரோக் ஓடிப்போய், மாபைச் செயலிழக்க வைக்கும் கவுஜ் அழுத்துவார், வேலை செய்யாது. எதிரியின் முகம் நம் பக்கம் இருந்தால்தான் கவுஜ் விழும், ஹீலரை அடிக்கும் மாபோ நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மண்டை ஓட்டை அடித்துச் சேர்த்த காம்போ பாயின்டும் (சில அடிகளுக்குச் செலவாகும் புள்ளி) கூட வராது, கிளாசிக்கில் அது எதிரியோடு ஒட்டியது. ஆகவே மாபைக் கொஞ்ச நேரம் தடுமாற வைக்கும் பிளைண்ட் போடுங்கள். அது கூல்டவுனில் இருந்தால் ஒரு சினிஸ்டர் ஸ்ட்ரைக், உடனே கிட்னி ஷாட். ஒரே பாயின்டில் 2 வினாடி ஸ்டன் (மாப் அசையாது) கிடைக்கும், டேங்க் வந்து சேர அது போதும். சேதம் செய்யும் வாரியர், டான்ட் போட டிஃபென்சிவ் ஸ்டான்ஸுக்கு (தற்காப்பு நிலைக்கு) மாறி ரேஜை (அடிக்கச் செலவாகும் ஆற்றலை) தொலைப்பதைவிட பேட்டில் ஸ்டான்ஸில் மாக்கிங் ப்ளோ அடிப்பது மேல். 6 வினாடி மாப் அவரையே அடிக்கும். 2 நிமிடக் கூல்டவுன் என்பதால் கண்ட நேரத்தில் வீணாக்கக் கூடாது. மேஜின் நோவா 8 வினாடி கட்டிப்போடும். ஆனால் வேர்விட்ட மாப் கைக்கு எட்டுபவரை அடித்துக்கொண்டே இருக்கும். ஹீலர் அங்கேயே நின்றால் நோவா போட்டும் அடி விழும். 'டேங்க் பக்கம் வா' என்று முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஹீலர்கள் இந்த நேரத்தில் எதிர்த்திசையில் ஓடுவது ஏன் என்பது இன்றுவரை புரியாத புதிர்.

இரண்டாவது காரணம் ஓடும் மாப். ஸ்கார்லெட் மொனாஸ்டரி போன்ற இடங்களில் மனித மாப்கள் உயிர் குறைந்ததும் ஓடி, அடுத்த கூட்டத்தையே கூட்டி வரும். மார்க் எதுவாக இருந்தாலும், கால் கிளப்பியதை உடனே முடிக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் கிரிப்ளிங் பாய்சன், ஹாம்ஸ்ட்ரிங், விங் கிளிப், ஃப்ராஸ்ட்போல்ட் எதுவானாலும் ஓடத் தொடங்கும் முன்பே மேலே இருக்கட்டும்.

எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் இன்டரப்ட்டில் யார் எப்போது என்று முறை வைத்திருந்தாலும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ரோக்கின் கிக் 10 வினாடிக்கு ஒருமுறை வரும், எதிரியின் மந்திரத்தை 5 வினாடி பூட்டும். மேஜின் கவுன்டர்ஸ்பெல் 10 வினாடி பூட்டும், திரும்பி வர 30 வினாடி ஆகும். முறைக்காரரின் கிக் இப்போதுதான் போயிருக்கிறது, எதிரி ஹீல் தொடங்கிவிட்டது என்றால் நீங்கள் அடியுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மீறவே கூடாத இடம், ஆடு (மேஜ் பாலிமார்ஃப் போட்டு ஆடாக்கி ஒதுக்கிவைத்த மாப்) உடைந்த நேரம். யாரோ பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அடிக்கும் க்ளீவ் அடித்து பாலிமார்ஃபைக் கலைத்துவிட்டார். உடனே மூன்று பேரும் அதன் மேல் பாய்வார்கள், வார்லாக் டாட் (விட்டுவிட்டுச் சேதம் செய்துகொண்டே இருக்கும் மந்திரம்) போடுவார். மேஜுக்குத் தேவை 1.5 வினாடி காஸ்ட் மட்டுமே. அதில் டாட் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பப் போட்ட ஆடும் அடுத்த டிக்கில் உடையும். கையைக் கட்டிக்கொண்டு மண்டை ஓட்டையே அடியுங்கள்.

ரெய்டில் (பெரிய குழுவாக ஆடும் இடத்தில்) இதன் கடுமையான வடிவம் பிளாக்விங் லேயரின் வேலஸ்ட்ராஸ். 30 சதவீத உயிரில் தொடங்கும் பாஸ். எசென்ஸ் ஆஃப் த ரெட் என்ற விளைவு வந்ததும் மானாவும் எனர்ஜியும் (மந்திரத்துக்கும் அடிக்கும் செலவாகும் ஆற்றல்) தீராது. எல்லாரும் வெறிபிடித்து அடிப்பார்கள். பர்னிங் அட்ரினலின் என்ற டிபஃப் (கெடுதல் விளைவு) வாங்கிய டேங்க் வினாடிக்கு 5 சதவீதம் உயிர் இழந்து 20 வினாடியில் வெடித்துவிடுவார். ஆகவே அங்கே மீட்டரில் பார்க்க வேண்டியது இப்போதைய டேங்கை அல்ல, அடுத்த டேங்கை. அவரைத் தாண்டிய ரோக் ஒருவர் இருந்தால், முதல் டேங்க் செத்ததும் பாஸ் ரோக் பக்கம் திரும்பும், நெருப்பு மூச்சு மெலீ முழுவதையும் வாரிக்கொண்டு போகும். அதே டிபஃப் உங்கள் மேல் விழுந்தால், கூட்டத்தை விட்டு விலகி ஓடிக்கொண்டே அடியுங்கள். சேதம் இரட்டிப்பு, மந்திரங்கள் உடனடி, எப்படியும் சாகப்போகிறீர்கள். த்ரெட்டை மட்டும் அப்போதும் மறக்க வேண்டாம்.

டேங்கும் ஹீலரும் விழுந்த பிறகு தொடர்வதா ஓடுவதா என்பது வெறும் வகுத்தல் கணக்கு. பாஸுக்கு மீதம் 30,000 உயிர், நிற்பது ஐந்து பேர், ஆளுக்கு வினாடிக்கு 400 என்றால் 15 வினாடி வேண்டும். ஒருவர் 3 வினாடி தாங்கினால், எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக விழுவதற்குள் கணக்கு எட்டாது, ஏனெனில் ஆள் குறையக் குறைய சேதமும் குறையும். அப்போது தப்பிக்க வேண்டும்: ஹன்டர் ஃபெய்ன் டெத் (செத்ததுபோல் நடிப்பது), ரோக் வேனிஷ் (மறைந்துபோவது), வேறொரு ஹீலர் இன்னும் உயிரோடு இருந்தால் பலாடின் தன்னைக் கொடுத்து அவர் மேல் டிவைன் இன்டர்வென்ஷன் (அவரைக் காப்பது). ஃபெய்ன் டெத் ரெசிஸ்ட் ஆகலாம் என்பதால் கடைசி நொடிவரை காத்திருக்கக் கூடாது. வேனிஷுக்கு ஃப்ளாஷ் பவுடர், பிளைண்டுக்கு பிளைண்டிங் பவுடர், டிவைன் இன்டர்வென்ஷனுக்கு சிம்பல் ஆஃப் டிவினிட்டி: இவை பையில் இருக்கிறதா என்று உள்ளே நுழையும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.